குப்பை மடலும் தபாற்செலவும்

புங்குடுதீவிலிருந்து எனக்கு எழுதப்பட்ட ஒரு மரணச் செய்தி, குப்பை மடல்கள் போய் விழும் பெட்டிக்குள் நான்கு வாரங்களுக்கு மேல் கிடந்தது. எனக்கு அரிச்சுவடி சொல்லித்தந்த ஆசிரியர் மறைந்த அன்றே அவருடைய மகன் எழுதியிருந்தார். தலைப்பில் 'அவசரம்' என்ற ஒரேயொரு சொல். குப்பை மடல்காரர்களுக்கு மிகவும் பிடித்த சொல்லும் அதுதான். அதற்கு மேலே, பரிசுச்சீட்டில் எனக்குப் பல கோடி விழுந்திருப்பதாக ஒரு மடல்; கீழே, வாலிபம் திரும்புவதற்கு ஒரு மருந்து. அப்பெட்டியில் விழுபவை 30 நாட்களில் தாமாகவே அழிந்துவிடும். தற்செயலாகத் திறந்து பார்த்திராவிட்டால், 31ஆம் நாளான அந்தியேட்டியோடு அச்செய்தியும் போயிருக்கும்.

இணையத் தமிழர் 'எரிதம்' என்று அழகாகப் பெயர் சூட்டிய இத்தொல்லை, கணினிக்கு முந்தியது. 1864 மே மாதத்தில் லண்டன் அரசியற் பிரமுகர்கள் சிலருக்குத் தந்தி வந்தது. அந்நாளில் தந்தி என்றாலே நெஞ்சு பதைக்கும். பிரித்துப் பார்த்தால், ஒரு பல் வைத்தியசாலை காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை திறந்திருக்கும் என்ற விளம்பரம்! கோபமடைந்த ஒருவர் 'த ரைம்ஸ்' பத்திரிகைக்கு முறைப்பாடு எழுதினார். ஆயினும் ஒவ்வொரு தந்திக்கும் அந்த வைத்தியர்கள் பணம் கட்டியே ஆகவேண்டியிருந்தது. ஆகவே அவர்களால் ஊர் முழுவதற்கும் நாள்தோறும் தந்தி அடிக்க இயலவில்லை.

முழு விடயமும் இச்செலவிலேதான் தங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். பிரித்தானியாவில் 1840இல் ரோலண்ட் ஹில்லின் ஒரு பென்னி முத்திரை வரும்வரை, பெரும்பாலான கடிதங்களுக்குப் பெறுபவரே கட்டணம் செலுத்தினார். முத்திரை அந்தச் சுமையை எழுதுபவர் தலைக்கு மாற்றியது. அதுவே ஒரு படலையாகவும் நின்றது.

அந்தப் படலையை நான் ஊரிலேயே கண்டிருக்கிறேன். கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்திருந்த எம்மவர்களின் காசுக்கட்டளைகளும் கடிதங்களும் வட்டார இலக்கத்தைத் தாங்கித் தபாற்கந்தோருக்கு வரும். அவற்றோடு சில வேளைகளில் ஒரு சங்கிலிக் கடிதமும் வரும். பிரதியெடுத்துப் பதின்மூன்று பேருக்கு அனுப்பினால் செல்வம் சேரும். கிழித்தெறிந்தால் குடும்பத்துக்கு நாசம். என் பாட்டி பயந்துதான் போனார். பின்னர் பதின்மூன்று தபாலட்டைக்கு எவ்வளவு ஆகும் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, கடிதத்தை அடுப்புக்குள் வைத்தார். நாசம் எதுவும் அந்த ஆண்டு வரவில்லை.

பத்திரிகை அலுவலகத்துக்கு வந்த மொட்டைக் கடிதங்களிலும் முத்திரை இருந்தது. அதன்மேல் எந்த ஊர் என்று காட்டும் தபால் அடையாளமும் இருந்தது. வாசகர் புனைபெயரில் எழுதலாம். உண்மைப் பெயரும் விலாசமும் எங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பது மேசை விதி.

1978 மே 3ஆம் திகதி இந்தப் படலை பெயர்ந்தது. அமெரிக்காவின் டிஜிற்றல் எக்குயிப்மென்ற் நிறுவன விற்பனையாளர் கேரி தூர்க், ஆர்ப்பாநெற் வலையமைப்பில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பினார். 1994 ஏப்ரிலில் அரிசோனா மாநிலத்துச் சட்டத்தரணிகளான கான்ரர், சீகல் தம்பதியர் ஆயிரக்கணக்கான யூஸ்நெற் குழுக்களில் 'கிறீன் கார்ட்' குலுக்கல் விளம்பரத்தை ஒட்டினார்கள். சட்டத்தரணி இல்லாமலே, கட்டணமின்றி விண்ணப்பிக்கக்கூடிய குலுக்கல் அது. அவர்கள் வலைவீசியது நாடு மாற ஏங்கிய மனிதர்களுக்கு. 1983, 1991 ஆகிய ஆண்டுகளை நெஞ்சில் சுமந்து ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் சிதறிய எம் ஊரவருக்கு, அந்த ஏக்கத்தைப் பற்றி ஒருவரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. போர்க்காலத்தில் செஞ்சிலுவைக் குழுவின் திறந்த தாளில் குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம். கை மாறிக் கை மாறி வந்த அத்தாளை யார்தான் படிக்காமல் எறிந்தார்?

முத்திரையை மீண்டும் கொண்டுவர முயன்றவர்களும் உண்டு. 1992இல் சிந்தியா டுவோர்க், மோனி நாவோர் என்ற இரு அறிஞர்கள், மடல் அனுப்பும் கணினி முதலில் ஒரு கடினமான கணக்கைச் செய்து முடிக்கவேண்டும் என்றார்கள். 1997இல் அடம் பாக் 'ஹாஷ்காஷ்' என்ற பெயரில் அத்தகைய ஒரு முறையை ஆக்கினார். வேடிக்கை என்னவென்றால், அது மடலுக்கு முத்திரையாகப் பரவவில்லை. பிற்காலத்தில் பிற்கொயின் நாணயத்துக்கு அடித்தளமாயிற்று. 2004 சனவரியில் பில் கேற்ஸ், இரண்டே ஆண்டுகளில் தொல்லை தீரும் என்று டாவோசில் சொன்னார்.

உலகம் ஏற்றுக்கொண்டது வடிகட்டியை. 2002 ஓகஸ்டில் போல் கிரகாம் எழுதிய கட்டுரை, சொற்களின் நிகழ்தகவைக் கொண்டு குப்பையைப் பிரிக்கும் வழியைப் பரவலாக்கிற்று. நல்ல மடலொன்றைத் தவறவிடுவது, குப்பை உள்ளே வருவதைவிடப் பெருங்கேடு என்பதை அவரே அதில் வலியுறுத்தியிருந்தார். வடிகட்டி செய்யும் பிழைக்கான தபாற்செலவு, 1840க்கு முன்னர்போல, பெறுபவனுடையதே. அந்தச் செலவாக, வெள்ளிக்கிழமை காலைகளில் அப்பெட்டியை ஒருமுறை கிளறிப் பார்க்கிறேன்.

ஆசிரியரின் மகனுக்கு அன்றே தொலைபேசி எடுத்தேன். நான் மன்னிப்புக் கேட்க முதலே அவர் சொன்னார்: "அண்ணை, நீங்கள் பதில் போடேல்லை எண்டவுடனை, உங்களுக்குத்தான் ஏதும் சுகமில்லையோ எண்டு அம்மா கேட்டுக்கொண்டிருந்தவ."