எங்கட கப்பல் கடந்த கோடு

உடுப்பிட்டிப் பிள்ளையளுக்கு அரைக்கோளம் எண்டால் சோதினைக்குப் பாடமாக்கிற ஒரு சொல். பூகோள உருண்டையில கோடு கீறிக் காட்டினாலும் மனசில நிக்காது. அதைவிட, பக்கத்து வல்வெட்டித்துறையில் கட்டின ‘அன்னபூரணி’யைச் சொல்லிக் குடுக்கலாம் எண்டு நாங்கள் நினைக்கிறம்.

அமெரிக்கர் ஒருவர் வாங்கிய அந்தப் பாய்க்கப்பலை எங்கட ஆக்கள்தான் ஓட்டிப் போனவை. சுயெஸ் தாண்டி, மத்தியதரைக்கடலில் கிரீன்விச் கோட்டைக் கடக்கக் கிழக்கு அரைக்கோளம் முடிந்து மேற்கு அரைக்கோளம் தொடங்கியது. 1938 ஓகஸ்டில் கப்பல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. ஆனால் பூமத்திய கோட்டை அது கடக்கவேயில்லை. உடுப்பிட்டி, குளொஸ்ரர் இரண்டுமே வடக்கு அரைக்கோளம்தான்.

வரலாறு ஒரு புத்தகத்திலும் புவியியல் இன்னொன்றிலும் கிடந்தால், எங்கட பிள்ளையளுக்கு ரெண்டுமே தூரத்து ஊர்க்கதையாத்தான் இருக்கும்.