பேருடல் பறவைகளின் காலெலும்புகள்

பறக்கும் திறனை இழந்து, உடல் பெருத்து, பின்னர் உலகிலிருந்தே அற்றுப்போன பறவைகள் பல உண்டு. நியூசிலாந்தின் மோவா, மடகாஸ்கரின் யானைப்பறவை, ஆஸ்திரேலியாவின் டிரோமோர்னிஸ், சிவாலிக் மலைகளின் தீக்கோழி ஆகியவை இவற்றுள் அடங்கும். இவற்றின் உடல், எடை, நடை பற்றி இன்று தெரிந்தவற்றில் பெரும்பகுதி காலெலும்புகள் தந்தது. மண்டையோடு மெல்லியது, எளிதில் நொறுங்கிவிடும். தடித்த காலெலும்போ சேற்றிலும் மணலிலும் நெடுங்காலம் கிடக்கும்.

அமைப்பு

வீட்டில் அறுக்கும் நாட்டுக்கோழியின் கால் எந்தத் திட்டத்தில் அமைந்ததோ, அதே திட்டத்தில்தான் மோவாவின் காலும் அமைந்தது. லெக் பீஸில் உள்ள தடித்த எலும்பின் பெயர் டிபியோடார்சஸ். கணைக்கால் எலும்பும் கணுக்காலின் மேல்வரிசைச் சிற்றெலும்புகளும் ஒட்டி ஒன்றானதே அது. அதன் ஓரமாக ஊசிபோல் ஒன்று இருக்கும். சாப்பிடும்போது பல்லில் குத்துவது அதுதான். பிபுலா எனப்படும் இந்த எலும்பு பாதம் வரை எட்டாமல் பாதிவழியில் கூராகி முடிந்துவிடும். அதற்குக் கீழே, செதில் மூடிய மஞ்சள் காலுக்குள் இருப்பது டார்சோமெட்டாடார்சஸ். கணுக்காலின் கீழ்வரிசைச் சிற்றெலும்புகளும் பாதத்தின் மூன்று நீள எலும்புகளும் சேர்ந்து இறுகியது அது. அதன் அடிமுனையில் மூன்று உருளைகள் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு விரல் பொருந்தும்.

தொடையெலும்பு உடலோடு ஒட்டி, ஏறத்தாழக் கிடைமட்டமாக இருக்கும். முழங்கால் இறகுக்குள் மறைந்துவிடும். புதுச்சேரியின் வில்லியனூர் பக்கத்து ஊசுட்டேரியில் நிற்கும் சாம்பல் நாரையைப் பார்ப்பவர்களுக்கு அதன் முழங்கால் பின்பக்கமாக மடிவதுபோல் தோன்றும். அவர்கள் பார்ப்பது கணுக்கால்.

எடையும் தடிப்பும்

உடல் எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும்; எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். எனவே பேருடல் பறவையின் எலும்பு நீளத்தைவிடத் தடிப்பில் அதிகமாக வளர்ந்தாக வேண்டும். தொடையெலும்பின் அல்லது டிபியோடார்சஸின் தண்டில் மிக மெலிந்த இடத்தைச் சுற்றி அளந்து, உயிருள்ள பறவைகளின் அளவோடு ஒப்பிட்டு எடையைக் கணிப்பது இந்த அடிப்படையில்தான்.

எலும்புகளின் நீள விகிதம் நடையைக் காட்டும். ஓடிப் பிழைக்கும் தீக்கோழிக்குத் தொடையெலும்பு குட்டை, கீழெலும்புகள் இரண்டும் மிக நீளம்; விரலும் இரண்டாகக் குறைந்துவிட்டது. யானைப்பறவைக்கும் மோவாவுக்கும் டார்சோமெட்டாடார்சஸ் குட்டையாகவும் அகன்றும் இருக்கும். துரத்தி வரும் விலங்கு அரிதான தீவில் நின்று நிதானமாக மேய்ந்த பறவையின் கால் அது.

எலும்பை அறுத்துப் பார்த்தாலும் செய்தி உண்டு. இன்றைய பறவைகள் பெரும்பாலும் ஓராண்டுக்குள் முழு வளர்ச்சி அடைந்துவிடுகின்றன. சில மோவா இனங்களின் காலெலும்பிலோ மரத்தில் உள்ளதுபோல் ஆண்டு வளையங்கள் உள்ளன. அவை முழு வளர்ச்சி பெறப் பல ஆண்டுகள் பிடித்தன என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. மெதுவாகப் பெருகும் அத்தகைய பறவை, மனிதர் வேட்டையாடத் தொடங்கியதும் ஏன் விரைவில் அழிந்தது என்பதற்கு இது ஒரு முக்கிய விளக்கம்.

ஆய்வு வரலாறு

1839இல் லண்டனில் உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவனிடம் நியூசிலாந்திலிருந்து இருபுறமும் முறிந்த ஓர் எலும்புத்துண்டு வந்தது. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். முதலில் மாட்டெலும்பு என்றே நினைத்தார். உள்சுவரின் கடற்பஞ்சு போன்ற பின்னலைக் கண்ட பிறகு, தீக்கோழி அளவிலான பறவை நியூசிலாந்தில் இருந்தது என்று துணிந்து அறிவித்தார். சில ஆண்டுகளில் குவியலாக எலும்புகள் வந்து சேர்ந்து அவர் கூற்றை உறுதிசெய்தன.

காலெலும்பு எடையைச் சொல்லுமளவுக்கு உறவைச் சொல்வதில்லை. பெரிதும் சிறிதுமான மோவா எலும்புகளைத் தனித்தனி இனங்களாகப் பிரித்து வைத்திருந்தனர். 2003இல் டிஎன்ஏ ஆய்வு, அவற்றுள் பல ஒரே இனத்தின் பெண்ணும் ஆணும் என்று காட்டியது. டினோர்னிஸ் எனும் மோவாவின் பெண் ஆணைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் எடை கூடியதாக இருக்கலாம். யானைப்பறவையிலும் இதே சிக்கல் வந்தது: 2018இல் எலும்பளவை வைத்து வொரோம்பே டைட்டன் என்ற தனி இனம் பிரிக்கப்பட்டது. அது ஏபியோர்னிஸ் மேக்சிமஸ் எனும் யானைப்பறவை இனத்தின் பெண்ணாகவே இருக்கக்கூடும் என்று முட்டையோட்டு டிஎன்ஏ 2023இல் சுட்டியது.

இந்தியாவில்

சிவாலிக் படிவுகளில் கிடைத்த தீக்கோழிக்கு 1871இல் மில்ன்-எட்வர்ட்ஸ் ஆசியத் தீக்கோழி எனும் பொருளில் பெயரிட்டார். அதே படிவுகளின் ஒரு விரலெலும்பை ஈமு போன்ற பறவையுடையது எனக் கருதி, லைடெக்கர் ஹிப்செலோர்னிஸ் என்றார். பிற்பாடு அது முதலையின் விரல் எனத் தெரிந்தது. தனியாகக் கிடைக்கும் விரலெலும்பை நம்பிப் பெயர் சூட்டுவதில் உள்ள ஆபத்தை இதைவிட நன்றாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

மகாராஷ்டிரத்தின் பட்னேயில் கோடு கீறிய தீக்கோழி முட்டையோடு கிடைத்துள்ளது. ராஜஸ்தான், மத்தியப் பிரதேச ஓடுகளிலிருந்து பிரித்த டிஎன்ஏ ஆப்பிரிக்கத் தீக்கோழியோடு ஒத்துப்போவதாக 2017இல் வெளியிடப்பட்டது. அந்த ஓடுகள் 25,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை.

வில்லியனூர் கொம்யூனில் சேதராப்பட்டு, கரசூர் பகுதிப் பாறைகள் கிரெட்டேசியஸ் காலக் கடலில் படிந்தவை. கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரியைச் சுற்றிய இப்பாறைகளில் சேகரித்த அம்மோனைட்டுகளையும் சிப்பிகளையும் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். கடற்படிவு என்பதால் நிலப்பறவையின் கால் தேட ஏற்ற இடம் இதுவல்ல. ஆயினும் அந்தப் பாறை படிவதற்கு முன்பே, சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தன. இப்படிப் பிரிந்த நிலத்துண்டுகளே பறக்காத பறவைகளைச் சுமந்து சென்றன என்று நெடுங்காலம் நம்பினர். 2014இல் டிஎன்ஏ, யானைப்பறவைக்கு மிக நெருங்கிய உறவு நியூசிலாந்தின் சிறு கிவி என்றது. அப்படியானால் முன்னோர் பறந்து போய்த் தீவுகளில் இறங்கி, ஆங்காங்கே தனித்தனியாகக் கால் தடித்துப் பெருத்திருக்க வேண்டும்.

அருகிலுள்ள திருவக்கரையில் கிடப்பது கல்மரம். அதன் சிறு துண்டைச் சிலர் எலும்பென நினைப்பதுண்டு. கல்மரத்தின் வெட்டுமுகத்தில் மரத்தின் வரிகள் உள்வரை தெரியும். காலெலும்பின் வெட்டுமுகத்தில் வெளியே இறுகிய சுவர், நடுவே மச்சைக் குழி, முனைகளை நெருங்க நெருங்கக் கடற்பஞ்சுப் பின்னல் தெரியும்.