மரையும் பல்லும்
துவிச்சக்கரவண்டி உறுப்புகளின் பொருத்தம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அரசர்தம் போர்களும் ஆட்சி மாற்றங்களுமே வரலாறு எனக் கொண்ட காலம் கடந்துவிட்டது. மக்கள் நாளும் கையாளும் கருவிகளுக்கும் வரலாறு உண்டு என்பதும், அவற்றை ஆக்கியோரின் பொருளியல் உறவுகள் அக்கருவிகளின் வடிவிலே பதிந்துள்ளன என்பதும் இன்று பெரிதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்துகளாகும். துவிச்சக்கரவண்டி இதற்குத் தக்கதொரு சான்று. அதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் முழுவண்டியையே நோக்குவர். ஓர் ஆலையில் ஆக்கிய ஆணி இன்னோர் ஆலையில் ஆக்கிய சுரையினுட் செல்லுமா என்ற சிறு கேள்வியை எழுப்புவோர் சிலரே. ஆனால் வண்டியைப் பல்லாண்டு வைத்து ஓட்ட விரும்புபவனுக்கு அதுவே பெருங்கேள்வியாகும். அண்மைக் காலத்திலே தோன்றிய கிரவல் வண்டி வரை இக்கேள்வி எவ்வாறு வளர்ந்து வந்துள்ளது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொருத்தம் பற்றிய சிந்தனை துவிச்சக்கரவண்டிக்கு முற்பட்டது. 1841ஆம் ஆண்டில் ஜோசப் விற்வேர்த் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர், திருகாணிகளின் மரைகள் யாவும் ஒரே முறையில் அமைதல் வேண்டும் என வற்புறுத்தினார். அதுவரை ஒவ்வொரு பட்டறையும் தன் ஆணிக்குத் தானே மரை வெட்டியது. ஓர் ஆணி தொலைந்தால் அதே பட்டறையை நாடவேண்டியிருந்தது. 1885ஆம் ஆண்டில் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி ஆக்கிய 'றோவர்' வண்டி, இன்றைய வண்டியின் அடிப்படை அமைப்பை நிலைநாட்டியது. 1880இல் ஹான்ஸ் றெனோல்ட் அமைத்த உருளைச் சங்கிலியும், 1888இல் டன்லொப் அமைத்த காற்றடைத்த ரயரும் அதனோடு சேர்ந்தன. சட்டகத்தை ஒருவரும் சங்கிலியை இன்னொருவரும் ரயரை வேறொருவரும் ஆக்கும் தொழிற்பிரிவினை ஏற்பட்டபொழுது, அளவுகளில் உடன்பாடு காண்பது தவிர்க்க முடியாததாயிற்று. விற்வேர்த்தின் மரை மெல்லிய குழாய்களுக்குப் பருமனானது. ஆகவே துவிச்சக்கரவண்டிப் பொறியியலாளர் 1902ஆம் ஆண்டளவில் அங்குலத்துக்கு 26 சுற்றுக் கொண்ட நுண்ணிய மரையொன்றைத் தமக்கென வகுத்துக்கொண்டனர்.

எனினும் இவ்வுடன்பாடு நாட்டின் எல்லையைத் தாண்டவில்லை. மிதிகளைத் தாங்கும் அச்சு சுழல்வதற்கெனச் சட்டகத்தின் அடியில் அமைந்த கூட்டினை எடுத்துக்கொள்வோம். பிரித்தானிய வண்டியில் அதன் மரை 1.37 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 சுற்றும் உடையது. பிரெஞ்சு வண்டியில் விட்டம் 35 மில்லிமீற்றர்; சுற்றுக்குச் சுற்று இடைவெளி 1 மில்லிமீற்றர். இத்தாலிய வண்டியிலோ விட்டம் 36 மில்லிமீற்றர். சுற்றுகள் மட்டும் அங்குலத்துக்கு 24. மெற்றிக் முறையும் அங்குல முறையும் ஒரே துளையிற் கலந்த விந்தை இது! 1.37 அங்குலம் என்பது ஏறத்தாழ 34.8 மில்லிமீற்றர். ஆங்கிலக் கூட்டுக்கும் பிரெஞ்சுக் கூட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு மில்லிமீற்றரின் ஐந்திலொரு பங்கே. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். மாறிப் பூட்டினால் மரை அழியும். மேலும், ஆங்கிலக் கூட்டின் வலப்பக்க மரை இடஞ்சுழியானது. பிரெஞ்சு, இத்தாலியக் கூடுகளில் அது வலஞ்சுழியானது. நொற்றிங்ஹம் நகரின் றலி நிறுவனமோ, பிரித்தானிய நிறுவனமாயிருந்தும், இக்கூட்டுக்கு அங்குலத்துக்கு 26 சுற்றுக் கொண்ட தனக்கேயுரிய மரையையே நெடுங்காலம் பேணியது. பேருற்பத்தி செய்யும் நிறுவனம் பொது அளவுக்குக் கட்டுப்படவேண்டிய தேவை குறைவு என்பதற்கு இது பழைய சான்றாகும்.

சில்லின் கதையும் இத்தகையதே. '26 அங்குலம்' என்ற ஒரே பெயரில், றிம்மிலே ரயர் அமரும் விட்டம் 559, 571, 584, 590, 597 மில்லிமீற்றர் எனப் பலவாறு வேறுபட்டது. பெயரை நம்பி ரயர் வாங்கியவன் ஏமாந்தான். பின்னர் சர்வதேச நியமம், ரயர் அமரும் விட்டத்தையே மில்லிமீற்றரிற் குறிக்கும் முறையை நிறுவிக் குழப்பத்தைத் தணித்தது. எமது நாட்டு வீதிகளிலும் இந்திய வீதிகளிலும் ஓடிய நிமிர்ந்த பெரிய வண்டியின் 28 × 1½ அங்குலச் சில்லு இம்முறையில் 635 மில்லிமீற்றர் ஆகும். 1949ஆம் ஆண்டில் சென்னையிலே தொடங்கப்பட்ட ரி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற இந்திய ஆலைகளும் பிரித்தானிய அளவுகளையே தொடர்ந்தன. வண்டியை ஆக்கிய ஆங்கில ஆலை மூடப்பட்ட பின்னரும் அதற்கேற்ற ரயர் கிடைத்தமைக்குக் காரணம் இதுவே. கருவியின் ஆயுள் இரும்பின் உறுதியில் மட்டுமன்று, அளவின் நிலைபேற்றிலும் தங்கியுள்ளது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இந்நிலையிற் பெருமாற்றத்தை ஏற்படுத்தியது கியர் மாற்றும் முறையாகும். முன்னர், கியர் நெம்பு உராய்வினாலேயே நின்றது. ஓட்டுபவன் கையுணர்வாலும் சங்கிலியின் ஒலியாலும் உரிய பற்சில்லை நாடினான். ஆகவே, ஒரு நிறுவனத்தின் நெம்பு, வேறொன்றின் கியர் மாற்றி, மூன்றாவதன் பற்சில்லு ஆகிய யாவும் ஒன்றாக இயங்கின. பொருத்தக் குறைவை மனிதனின் கை ஈடுசெய்தது. 1984ஆம் ஆண்டில் யப்பானின் ஷிமானோ நிறுவனம், 'கிளிக்' என்ற ஓசைக்கு ஒரு கியர் மாறும் முறையைத் தன் உயர்தர வரிசையில் அறிமுகம் செய்தது. இம்முறையில் நெம்பு இழுக்கும் கம்பியின் நீளம், கியர் மாற்றி நகரும் விகிதம், பற்சில்லுகளின் இடைவெளி ஆகிய மூன்றும் துல்லியமாக ஒத்திருத்தல் வேண்டும். ஓட்டுதல் எளிதாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் கையின் திறன் பொறியினுட் புகுந்தபொழுது, உறுப்புகளைக் கலந்து பூட்டும் சுதந்திரம் குறுகிற்று. ஒரே நிறுவனத்தின் முழுத் தொகுதியையும் வாங்குவதே வழமையாயிற்று.

ஒன்பது பற்சில்லுக் காலம் வரை, ஷிமானோவின் வீதிவண்டி நெம்புகள் மலைவண்டிக் கியர் மாற்றிகளையும் செவ்வனே இயக்கின. 2010ஆம் ஆண்டளவில் மலைவண்டி பத்துப் பற்சில்லுக்கு மாறியபோது கம்பி இழுக்கும் அளவு மாற்றப்பட்டது, அவ்வுறவு அறுந்தது. இவ்வுறவு மிகவும் தேவைப்பட்ட வண்டி தோன்றிய காலமும் அதுவேயாகும்.

'கிரவல் வீதி' என்ற சொல் எமக்குப் புதிதன்று. ஐக்கிய அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்துப் பிளின்ற் ஹில்ஸ் பகுதியில், கூரிய தீக்கற்கள் பரந்த அத்தகைய வீதிகள் நூற்றுக்கணக்கான மைல்கள் நீள்கின்றன. 2006ஆம் ஆண்டில் 34 பேர் அவ்வீதிகளில் 200 மைல் ஓடிய போட்டி, பின்னர் ஆயிரக்கணக்கானோர் பங்குபற்றும் பெருவிழாவாக வளர்ந்தது. 2022இல் கிரவல் ஓட்டத்துக்கு உலகச் சாம்பியன் போட்டியும் இத்தாலியில் நடத்தப்பட்டது. தொடக்கத்தில் ஓட்டுநர் கைக்குக் கிடைத்த வண்டிகளிலேயே வந்தனர். அவர்களது தேவை வீதிவண்டியின் வளைந்த கைபிடி, மலைவண்டியின் அகன்ற ரயர், ஏற்றத்துக்கேற்ற தாழ்ந்த கியர் ஆகியன. வேறு வேறு அளவுமுறைகளில் வளர்ந்த இரு மரபுகள் ஒரே சட்டகத்திற் சந்தித்தன.

சந்திப்பின் விளைவாக, ஏறத்தாழப் பத்தாண்டுகளுள் கிரவல் வண்டியின் உறுப்புகள் பலவும் மாறின. பின்சில்லைப் பற்றிய 135 மில்லிமீற்றர் அகல மெல்லிய அச்சு போய், சட்டகத்தை ஊடறுக்கும் 12 மில்லிமீற்றர்த் தடித்த அச்சும் 142 மில்லிமீற்றர் அகலமும் வந்தன. தட்டுப் பிறேக்கைப் பூட்டும் முறையும் 2014இல் அறிமுகமான தட்டையான முறைக்கு மாறியது. அகன்ற ரயருக்கும் பற்சில்லுக்கும் இடையே இடம் போதாமையால், 2019இல் ஷிமானோ கிரவல் வண்டிக்கென வெளியிட்ட தொகுதியில் முன்பற்சில்லுகள் 2.5 மில்லிமீற்றர் வெளியே தள்ளப்பட்டன. அதனால் முன் கியர் மாற்றியும் அத்தொகுதிக்குரியதாகவே இருக்கவேண்டியதாயிற்று. மாற்றத்துக்குத் தக்க காரணம் இருந்தது. ஆனால் பழைய உறுப்பு பயனற்றதாவதும் அதே காரணத்தின் மறுபக்கமாகும்.

மாற்றங்கள் யாவும் இழப்பே எனக் கொள்வதும் தவறாகும். றிம்மைப் பற்றும் பிறேக்குள்ள வண்டியில் வேறு விட்டமுள்ள சில்லைப் பூட்ட முடியாது. பிறேக்கின் கட்டை றிம்மை எட்டாது. தட்டுப் பிறேக் இத்தடையை நீக்கியது. 584 மில்லிமீற்றர் றிம்மில் 47 மில்லிமீற்றர் ரயர் பூட்டினால் சில்லின் முழுவிட்டம் 678 மில்லிமீற்றர். 622 மில்லிமீற்றர் றிம்மில் 28 மில்லிமீற்றர் ரயர் பூட்டினாலும் அதே 678. ஆகவே இடங்கொடுக்கும் ஒரே சட்டகம், கரடுமுரடான வழிக்கு ஒரு சில்லும் தார்வீதிக்கு ஒரு சில்லும் ஏற்கின்றது. 142 மில்லிமீற்றர் அளவுங்கூட, 135உடன் பக்கத்துக்கு 3.5 மில்லிமீற்றர் சேர்த்தே அமைக்கப்பட்டமையால், பல குடங்களில் முனைகளை மட்டும் மாற்றிப் பழைய சில்லையே பயன்படுத்த முடிந்தது. முன்னோரை மறவாத மாற்றம் என இதனைக் கூறலாம்.

இதனினும் சிக்கலானது கியர் மாற்றியைத் தாங்கும் கொளுவியின் கதை. விழும்போது வளைந்து சட்டகத்தைக் காக்கும் இச்சிறு துண்டு, நூற்றுக்கணக்கான வடிவங்களில் இருந்தது. உரியது கிடையாமல் வண்டிகள் முடங்கின. 2019இல் அமெரிக்காவின் ஸ்ராம் நிறுவனம் பொதுக் கொளுவியொன்றை வகுத்து, சட்டகம் ஆக்குவோர் கட்டணமின்றிப் பயன்படுத்த அனுமதித்தது. பலரும் அதனை ஏற்றனர். ஓட்டுநரின் நீண்டநாட் குறை தீர்ந்தது. ஆனால் 2023இல் மலைவண்டிக்கும் 2024இல் கிரவல் வண்டிக்கும் அந்நிறுவனம் வெளியிட்ட புதிய கியர் மாற்றிகள், கொளுவியை அகற்றி அதே இடத்தில் நேரடியாகப் பூட்டப்படுவன. பொதுக் கொளுவிக்கென அமைந்த சட்டகத்திலன்றி அவை பொருந்தா. பொதுநன்மையாக வழங்கப்பட்ட அளவு, தனியொரு தொகுதிக்கு வாயிலாகவும் அமைந்தது. ஒரே அளவு பொதுவுடைமையாகவும் வேலியாகவும் இருக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சங்கிலியின் ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அரை அங்குலம் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலந்தொட்டு நிலைத்துள்ளது. இன்று அதனுள்ளும் உருளையின் பருமன் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடத் தொடங்கிவிட்டது. கம்பியின்றி மின்னலையால் இயங்கும் கியரில், ஆணியும் பல்லும் ஒத்தாலும் கட்டளை மொழி ஒவ்வாவிடில் வண்டி இயங்காது. விற்வேர்த் இரும்பில் எழுப்பிய கேள்வி இப்பொழுது மின்னலையில் எழுந்துள்ளது.

எனவே புதிய வண்டியொன்றை மதிப்பிடும்போது, அது எத்துணை இலேசானது, எத்துணை விரைவானது என்பவற்றோடு மேலும் இரு கேள்விகளைக் கேட்டல் தகும். அதன் அளவுகள் எவருடையவை? இருபது ஆண்டுகளின் பின் அதற்கொரு ரயரும் ஒரு பற்சில்லும் வேறெவராவது ஆக்க இயலுமா? வண்டியை விலைகொடுத்து வாங்கியவன் உண்மையில் அதன் உடைமையாளனா என்பது, இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையிலேயே தங்கியுள்ளது.