செரோட்டோனின்: மனச்சோர்விலும் மதுப்பழக்க நோயிலும்
செரோட்டோனின் என்பது, டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலத்தினின்று உடலில் உற்பத்தியாகி, மூளைத்தண்டிலிருந்து மூளையெங்கும் பரவும் நரம்பிழைகளின் வாயிலாக உறக்கம், பசி, மனோநிலை ஆகியவற்றை நெறிப்படுத்த உதவும் இரசாயனப் பொருளாகும். 1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ராப்போர்ட், கிரீன், பேஜ் என்னும் ஆய்வாளர்கள் குருதியினின்று பிரித்தெடுத்த இதனை, இரத்தக் குழாய்களைச் சுருக்கும் வஸ்து என்றே முதலில் அறிந்தனர்.

மனச்சோர்வுற்றுத் தற்கொலைக்கு முயன்றோர் சிலரிடத்தும், இளவயதிலேயே குடிக்கு அடிமையாகி ஆவேச சுபாவம் கொண்டோர் சிலரிடத்தும், இதன் சிதைவுப் பொருள் தண்டுவடத் திரவத்தில் குறைந்திருக்கக் காணப்பட்டமையால், இவ்விரண்டுக்கும் பொது மூலம் உண்டோ என்னும் விசாரம் எழுந்தது; குடிநோயாளரைச் சித்த உறுதியற்றவரென்று இகழ்வது எத்துணை அநியாயம் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி. ஆயினும், செரோட்டோனின் குறைவே மனச்சோர்வின் காரணமென்னும் எளிய சித்தாந்தம் இன்றளவும் நிரூபணமாகவில்லை. செரோட்டோனினின் செயலைக் கூட்டும் புளுவாக்ஸெட்டின் போன்ற மருந்துகள் சோர்வைத் தணிப்பினும், மதுவின்மேல் எழும் வேட்கையை அவ்வாறே தணிப்பதில்லை.