கண்கள் கருவியாக இருந்த காலம்

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் சிஎம்எஸ் என்னும் கருவிக்காகப் புதிய நேர அளவி ஒன்று உருவாகிறது. இனி வரப்போகும் அடர்த்தியான புரோட்டான் கற்றைகள் ஒருமுறை கடக்கும்போது 200 மோதல்கள்வரை ஒன்றின்மேல் ஒன்றாக நிகழும். எந்தத் துகள் எந்த மோதலில் பிறந்தது என்று பிரிக்க, அது வந்த நேரத்தை 30 முதல் 40 பிக்கோ நொடித் துல்லியத்தில் குறிக்க வேண்டும். 30 பிக்கோ நொடியில் ஒளிகூட ஒரு சென்டிமீட்டர் போகாது. நடுப்பகுதியில் இதைச் செய்யப்போவது படிகங்கள். துகள் பட்டால் அவை மினுங்கும். சிலிக்கான் உணரி அந்த மினுக்கத்தைப் பிடிக்கும்.

நூறு ஆண்டுகளுக்கு முன், அந்த உணரியின் இடத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

1920களின் வியன்னா, ரேடியம் ஆய்வு நிறுவனம். ஆல்ஃபா துகள்கள் மோதுவதால் தெறிக்கும் புரோட்டான்கள் துத்தநாக சல்ஃபைடு திரையில் பட்டால் மங்கலாக ஒரு பொட்டு ஒளி தோன்றும். இருட்டுக்குக் கண் பழகும்வரை காத்திருந்து, நுண்ணோக்கி வழியே அதை எண்ண வேண்டும். பொட்டுகள் அடுத்தடுத்து விரைந்து வந்தால் கண் தவறவிடும்; களைத்தாலும் தவறவிடும். ஹான்ஸ் பெட்டர்சன் குழுவில் எண்ணியவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண்களுக்கு இந்த வேலை சலித்துவிடும், பெண்களுக்குச் சலிக்காது என்று காரணம் சொல்லப்பட்டது. (அடுப்படிக்கும் இதே காரணம்தான்.)

கார்பன் போன்ற தனிமங்களும் சிதைகின்றன என்றது வியன்னா. ரூதர்ஃபோர்டின் கேம்பிரிட்ஜ் மறுத்தது. 1927 டிசம்பரில் ஜேம்ஸ் சாட்விக் நேரில் வந்தார். எவ்வளவு வர வேண்டும் என்பது எண்ணுபவர்களுக்குத் தெரியாதபடி சோதனையை மாற்றி மாற்றி நடத்தினார். கூடுதல் பொட்டுகள் காணாமல் போயின. பெண்களின் கண் ஏமாந்தது என்று இதைப் படிப்பது எளிது. ஆனால் அந்த எதிர்பார்ப்பு யாருடையது? கோட்பாடும் சோதனை அமைப்பும் பெட்டர்சனும் கிர்ஷும் வகுத்தவை.

அதே கட்டடத்தில் பெர்டா கார்லிக்கும் எலிசபெத் காரா-மிஹைலோவாவும் அந்த மினுக்கத்தையே ஆராய்ந்தார்கள். அதன் பிரகாசத்தைக் கண்ணை நம்பாமல் ஒளிமின்கலத்தால் அளந்தார்கள். மரியெட்டா பிளாவ் துகளின் தடத்தைப் புகைப்படத் தகட்டில் பதியவைத்தார், அதுவும் ஆண்டுக்கணக்கில் சம்பளமில்லாமல். 1937இல் ஹெர்த்தா வம்பாகருடன் சேர்ந்து, காஸ்மிக் கதிர் தாக்கி அணுக்கரு சிதறும் நட்சத்திர வடிவத் தடங்களைக் கண்டார். யூதர் என்பதால் 1938இல் நாட்டைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. புகைப்பட முறைக்கான 1950 நோபல் பரிசு செசில் பவலுக்கு மட்டும் போனது.

1940களில் ஒளிப்பெருக்கிக் குழாய் வந்து கண்ணுக்கு ஓய்வு கொடுத்தது. மினுக்கத்தை எண்ணுவதோடு அது தோன்றிய கணத்தையும் குறிக்க முடிந்தது. போருக்குப் பின் கார்லிக் அந்த நிறுவனத்துக்கே இயக்குநரானார். வியன்னா பல்கலைக்கழகம் 1956இல் அவரை முழுப் பேராசிரியராக்கியது. அங்கே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்.