பட்டா இல்லாத தொழில்கள்

கிராமத் தொழில்கள் ஏன் அழிந்தன என்று கேட்டால், எவர்சில்வர் வந்தது, பிளாஸ்டிக் வந்தது என்கிறோம். நெய்வேலி நகரியத்தில் வளர்ந்த எனக்கு இந்தப் பதில் போதவில்லை. இங்கே பல ஊர்களில் தொழிலுக்கு அடியில் இருந்த மண்ணே போய்விட்டது.

1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். இது திறந்தவெளிச் சுரங்கம். நிலக்கரியை எடுக்க அதன் மேலிருக்கும் அத்தனையையும் அகற்ற வேண்டும். வீடும் வயலும் மட்டுமல்ல, ஏரி, பனை, மேய்ச்சல் புறம்போக்கு எல்லாம் அதில் அடங்கும்.

கைத்தொழில்கள் இந்தப் பொதுநிலத்தை நம்பியே இருந்தன. குயவர் வீட்டுப் பெண்கள் மிதித்துப் பிசைந்த களிமண் ஏரியிலிருந்து வந்தது. பெட்டியும் தடுக்கும் முடைய ஓலை ஊர்ப் பனையிலிருந்து வந்தது. இவற்றுக்குப் பெண்கள் யாரிடமும் பட்டா இல்லை. 1894-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டமோ நிலத்தில் உரிமை உள்ளவர்களுக்குத்தான் இழப்பீடு தந்தது.

பட்டா இருந்த வீடுகளிலும் அது பெரும்பாலும் ஆணின் பெயரில்தான். இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமைப் பங்கு தமிழ்நாட்டில் 1989-இல்தான் வந்தது. அதுவும் அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்கு மட்டும்.

சுரங்க வேலையிலாவது இடம் கிடைத்திருக்கலாமே? 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம், தரைக்கு மேலான வேலையிலும் பெண்களைக் காலை 6 முதல் இரவு 7 மணி வரைதான் அனுமதித்தது. சுரங்கமோ இரவும் பகலும் ஷிப்டில் ஓடுவது. இரவு வேலைக்கு, எழுத்துமூலச் சம்மதம் உள்ளிட்ட நிபந்தனைகளோடு, 2019-இல்தான் வழி திறந்தது.

குயவர் என்றதும் சக்கரம் சுற்றும் ஆண்தான் நம் நினைவுக்கு வருகிறார். மண் மிதித்தவள், பானையைத் தலையில் சுமந்து ஊர் ஊராக விற்றவள் ‘கூடமாட உதவியவள்’ ஆகிறாள். தொழில் என்று எண்ணப்படாத உழைப்பு, இழப்பு என்றும் எண்ணப்படவில்லை.

2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம், மூன்றாண்டுகள் அந்த இடத்தை நம்பிப் பிழைத்த கைவினைஞர்களையும் விவசாயக் கூலிகளையும் பாதிக்கப்பட்டோராக ஏற்கிறது. கைம்பெண்களையும் கைவிடப்பட்ட பெண்களையும் தனிக் குடும்பமாகக் கணக்கிடுகிறது. நல்லதுதான். ஆனால் மூன்றாண்டு மண் மிதித்ததற்கு எந்த ஆபீசில் சான்றிதழ் தருவார்கள்?

ஆகவே இந்தப் பகுதியில் ஆய்வு செய்யும் மாணவிகள் நில ஆவணங்களோடு நின்றுவிடக் கூடாது. நம் ஆயாக்களிடம் கேட்போம்: மண் எங்கே எடுத்தீர்கள், ஓலை யார் வெட்டித் தந்தார்கள், விற்ற காசு யார் கையில் இருந்தது? அவர்கள் இருக்கும்போதே எழுதிக்கொள்வோம்.