சட்டைக்குள் தைத்த காகிதம்

எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு பலவீனம் உண்டு. மனத்தில் கொஞ்சம் வெளிச்சம் பட்டால் போதும், காகிதத்தைத் தேடுவான். காகிதம் நிறைந்ததும் பத்திரிகையைத் தேடுவான். அச்சேறிய பிறகு, “படித்தீர்களா?” என்று கேட்க நாலு பேரைத் தேடுவான். இருபது வருஷமாக நானும் இதைத்தான் செய்து வருகிறேன். அதனால்தானோ என்னவோ, தம் வாழ்வின் தலைசிறந்த பக்கத்தை எழுதி, ஒருவரிடமும் காட்டாமல் சட்டையின் உள்துணிக்குள் வைத்துத் தைத்துக்கொண்ட மனிதர் ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை.

அவர் பெயர் பிளேஸ் பாஸ்கல். 1623-ல் பிரான்ஸ் தேசத்தில் பிறந்தவர். புயல் காலத்தில் வானிலை அறிக்கை காற்றழுத்தத்தை ‘ஹெக்டோபாஸ்கல்’ கணக்கில் சொல்கிறதே, அது அவர் பெயரால் வழங்குவதுதான்.

தகப்பனார் வரி வசூல் அதிகாரி. இரவெல்லாம் விழித்திருந்து கூட்டிக் கழிக்கும் தகப்பனாரின் கஷ்டத்தைக் கண்டு, பத்தொன்பது வயதிலேயே கணக்குப் போடும் யந்திரம் ஒன்றைச் செய்ய முற்பட்டார் மகன். 1648-ல் அவர் சொற்படி அவருடைய அக்காள் கணவர் பாதரசக் குழாயுடன் ஒரு மலைமேல் ஏறினார். உச்சியில் பாதரசம் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கி நின்றது. உயரே போகப் போகக் காற்றின் பாரம் குறைகிறது என்பது ருசுவாயிற்று. பாஸ்கலின் பெயர் ஐரோப்பா எங்கும் பரவியது. 1654-ல், சூதாட்டப் பணத்தைப் பங்கிடும் புதிரிலிருந்து, பெர்மா என்ற மேதையுடன் கடிதப் போக்குவரத்து நடத்தி, நிகழ்தகவு என்னும் புதிய கணிதத்துக்கே அடிகோலினார்.

ஒரு மனிதனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

என் நாவல் ஒன்றுக்குப் பரிசு கிடைத்த இரவு எனக்கு ஞாபகம் வருகிறது. மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தால் அல்ல, அடுத்த நாவல் இதற்குக் குறைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தால்! விடிந்தபோது மாலை வாடிக் கிடந்தது. என் நிலையே இப்படியென்றால், பாஸ்கலின் நிலை எப்படி இருந்திருக்கும்?

அவருடைய தங்கை ஜாக்லின் 1652-ல் கன்னிமாடம் புகுந்தவள். முதலில் அதை எதிர்த்த அண்ணனே, 1654-ல் அவளைத் தேடிப் போய் மனத்தைத் திறந்தார். உலகம் கசந்துவிட்டது, ஆனால் கடவுளிடமும் மனம் ஒட்டவில்லை என்றார். இரண்டு கரையும் இல்லாத நடு ஆற்று நிலை அது.

அதே ஆண்டு நவம்பர் 23-ம் தேதி, திங்கட்கிழமை. இரவு பத்தரை மணி சுமாரிலிருந்து பன்னிரண்டரை வரை அவருக்கு என்னவோ நேர்ந்தது. அதை ஒரு காகிதத்தில் எழுதினார். முதலில் தேதி, கிழமை, மணி. பரிசோதனைக் குறிப்பேடு மாதிரி! அதன்கீழ் தீயைக் குறிக்கும் ஒற்றைச் சொல். அப்புறம் வாக்கியங்கள் துண்டு துண்டாகச் சிதறுகின்றன. ஆனந்தமும் கண்ணீரும் கலந்து வருகின்றன. தத்துவவாதிகள் வாதித்து நிறுவும் கடவுள் அல்ல, ஆபிரகாமின் கடவுளே ஏசுவின் மூலம் தமக்குக் கிட்டியதாகச் சொல்லுகிறார்.

அதற்குப் பிறகு பாஸ்கல் முற்றும் துறந்துவிடவில்லை. 1658-ல் பெயரை மறைத்துக்கொண்டு ஒரு கணிதப் போட்டி வைத்தார். யாருக்கும் பரிசு தராமல், புனைபெயரில் தம் விடைகளையே வெளியிட்டுச் சச்சரவிலும் மாட்டிக்கொண்டார். கௌரவ ஆசை ஒரே ராத்திரியில் செத்துவிடுவதில்லை போலும். இந்த இடத்தில்தான் அவரிடம் எனக்கு நம்பிக்கை பிறக்கிறது.

ஆனால் ஆசையின் திசை மாறிக்கொண்டே வந்தது. 1662-ல் பாரிஸ் நகரில், தலைக்கு ஐந்து சூ கட்டணத்தில், குறித்த வழியில் ஓடும் குதிரை வண்டிகளை ஏற்படுத்தினார். அந்தத் தொழிலில் தமக்குச் சேர வேண்டிய பங்கை, புளுவா பகுதியில் பட்டினி கிடந்த ஏழைகளுக்காக முன்பணமாகக் கேட்டார். தம் வீட்டிலே இடம் கொடுத்திருந்த ஏழைக் குடும்பத்துக் குழந்தைக்கு அம்மை கண்டபோது, குழந்தையை அப்புறப்படுத்தச் சம்மதிக்காமல், நோயாளியான தாமே வீட்டை விட்டு அக்காள் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கேதான் ஆகஸ்ட் 19-ம் தேதி காலமானார். வயது 39.

சில நாள் கழித்து வேலைக்காரன் அவருடைய சட்டையைத் தடவிப் பார்த்தபோது, உள்ளே ஏதோ தடிப்பாகத் தட்டுப்பட்டது. தையலைப் பிரித்தான். ஒரு தோல் சுருள். அதற்குள் அந்தக் காகிதம். எட்டு வருஷமாக, சட்டை மாறும்போதெல்லாம் பிரித்துப் பிரித்துத் தைத்திருக்கிறார்! உடன்பிறந்தவளுக்கும் தெரியாது.

பாஸ்கலின் சமயம் என் சமயம் அல்ல. அந்த இரண்டு மணி நேரத்தை அளக்க என்னிடம் குழாயும் இல்லை, பாதரசமும் இல்லை. ஆனால் ஒன்று விளங்குகிறது. யந்திரத்தையும் மலைப் பரிசோதனையையும் அவர் உலகத்துக்குக் காட்டினார், உலகம் மெச்சியது, மனம் நிறையவில்லை. இந்தக் காகிதத்துக்கு மட்டும் யாருடைய மெச்சுதலும் தேவைப்படவில்லை.

இதை எழுதி முடித்ததும் பத்திரிகைக்கு அனுப்பத்தான் போகிறேன். என் சட்டையில் பைகள் உண்டு. தைத்து வைக்கத்தான் இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை.